சில விநாடி நெருப்பு: ஃபிளேம்த்ரோவர் எப்படி வேலை செஞ்சது?

சினிமாவுல ஃபிளேம்த்ரோவர் வெச்சிருக்கிற ஆள் நிமிஷக்கணக்கா நெருப்பைப் பீச்சிக்கிட்டே போறதைப் பார்த்திருப்பீங்க. ஆனா இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்கப் படைகள் பயன்படுத்தின எம்2 மாடலை விடாம அழுத்தினா, பத்து விநாடிக்குள்ள காலி. அதுக்காக ஏறக்குறைய 30 கிலோவை முதுகுல சுமக்கணும்.

உள்ள என்ன இருக்கு? மூணு சிலிண்டர். ரெண்டுல எரிபொருள், மொத்தம் சுமார் 18 லிட்டர். மூணாவதுல அதிக அழுத்தத்துல அடைச்ச வாயு. எரிபொருளை வெளிய தள்றது அதுதான். வெறும் பெட்ரோல்னா பாதி வழியிலேயே எரிஞ்சு தீர்ந்துடும். அதனால நேபாம் தூளைக் கலந்து கூழ் மாதிரி கெட்டியாக்கினாங்க. அப்போ தூரமும் கூடும், பட்ட இடத்துல ஒட்டிக்கிட்டும் எரியும்.

இப்ப முக்கியமான கேள்வி: தீர்ந்துட்டா? குண்டு பறக்கிற இடத்துல நின்னு எரிபொருள் ஊத்தி, வாயுவை ஏத்திக்கிட்டு இருக்க முடியாது. அந்த வேலையெல்லாம் பின்னால நடக்கும். வீரர் காலியானதை விட்டுட்டு, தயாரா இருக்கிற இன்னொண்ணை மாட்டிக்கிட்டு வரணும். நம்ம பாஷையில சொன்னா, ரீசார்ஜ் இல்ல. பேட்டரியையே மாத்துற மாதிரி.

1945 பிப்ரவரி 23, ஜப்பானின் இவோ ஜிமா தீவு. ஹெர்ஷல் வுடி வில்லியம்ஸ் என்ற மரீன் வீரர் நாலு மணி நேரம் இதைத்தான் செஞ்சார். ஒரு கான்கிரீட் பதுங்குகுழியை அழிக்கிறது, தன் அணிக்குத் திரும்புறது, புது ஃபிளேம்த்ரோவரோட மறுபடி போறது. நெருப்பு விட்ட நேரம் நிமிஷக்கணக்குலதான் இருந்திருக்கும். மிச்ச நேரமெல்லாம் ஊர்றது, காத்திருக்கிறது, திரும்பி வர்றது. எதிரி குறிவெச்சதும் அப்பத்தான்.

அதனாலதான் அவர் தனியா போகல. நாலு ரைஃபிள் வீரர்கள் சுட்டுக்கிட்டே பாதுகாப்பு கொடுத்தாங்க. அதுல ரெண்டு பேர் அன்னைக்கே இறந்துட்டாங்க. அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் வில்லியம்ஸுக்குக் கிடைச்சது. அதை அந்த வீரர்களுக்காகத்தான் அணியறேன்னு 2022-ல இறக்கிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார்.

இதே தீவுல ஃபிளேம்த்ரோவர் பொருத்தின ஷெர்மன் டாங்கிகளையும் பயன்படுத்தினாங்க. ஆயிரம் லிட்டருக்கு மேல எரிபொருள், சுத்தி இரும்புக் கவசம். ஆனா டாங்கி ஏற முடியாத பாறை இடுக்குகளும் அங்க நிறைய. அங்கெல்லாம் ஒரு மனுஷன்தான் சுமந்துக்கிட்டுப் போகணும். கூட நாலு பேர் வரணும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.