தண்டுவடக் காயமும் அரசின் கடமையும்

முதுகெலும்பினுள் செல்லும் தண்டுவடம் சிதைந்தால், அதற்குக் கீழுள்ள உறுப்புகள் அசைவையும் உணர்ச்சியையும் இழக்கின்றன. முற்காலத்தில் இவ்வாறு காயமுற்றோருள் பலர் மாண்டது படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்ப் பாதையில் நேர்ந்த சீழினாலுமே.

1944-இல் பிரிட்டிஷ் அரசு, போரில் காயமுற்றோர்க்காக ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தனிப் பிரிவொன்றைத் திறந்து, டாக்டர் லுட்விக் குட்மனிடம் ஒப்படைத்தது. நோயாளிகளை இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்தார் அவர். விளையாட்டும் கைத்தொழிலும் பயிற்றுவித்தார். சாவை எதிர்நோக்கிக் கிடந்தோர் ஊதியம் ஈட்டும் குடிமக்களாயினர்.

1965-இல் எவரெஸ்ட் சிகரம் ஏறிய நம் மேஜர் அலுவாலியா, அவ்வாண்டே போர்முனையில் குண்டடிபட்டுத் தண்டுவடம் சிதைந்து, அங்கே சிகிச்சை பெற்றார். பின்னர் அவரது முயற்சியாலும், இந்திய, இத்தாலிய அரசுகளின் உதவியாலும் புதுடில்லியில் முதுகெலும்புக் காயச் சிகிச்சை நிலையம் எழுந்தது.

சிதைந்த தண்டுவடத்தை முன்போல் ஆக்கும் மருந்தை விஞ்ஞானம் இன்னும் கண்டிலது. அவ்வாராய்ச்சிக்கு அரசு பொருள் அளித்தல் வேண்டும். ஆயினும் அம்மருந்து வரும்வரை, செவிலியர்க்கும் சக்கர நாற்காலிக்கும் தொழிற்பயிற்சிக்கும் உரிய பணத்தை நாம் சுருக்கலாகாது. இன்று உயிர் காப்பவை அவையே.