நீர் இறைக்கும் இயந்திரம் இயங்க மறுத்தால்

விடியற்காலை ஐந்து மணி. வெங்காயத்துக்கு இன்று இறைப்பு நாள். கயிற்றை இருபது தரம் இழுத்தாயிற்று. கை நோகிறது, இயந்திரம் அசையவில்லை. வெயிலோ ஏறுகிறது. சொந்தக் காணியை விட்டு வந்து, குத்தகைக் காணியில் கடன்பட்டு நட்ட குடும்பத்துக்கு ஓர் இறைப்புத் தவறுவது சிறிய விடயமல்ல. அந்த அவசரத்தில் பலர் இயந்திரத்தைச் சைக்கிளில் கட்டிக் கராச்சுக்குக் கொண்டு போகிறார்கள். சிலர் பழுதென்று எண்ணி அரை விலைக்கு விற்றும் விடுகிறார்கள். ஆனால் ஒரு பிளக் சாவியும் ஒரு திருகாணிச் சாவியும் இருந்தால் இந்த வேலையில் பெரும்பகுதியை நாமே செய்யலாம்.

தண்ணீர் இறைப்பதாயினும் புல் வெட்டுவதாயினும், சிறிய பெற்றோல் இயந்திரம் இயங்க நான்கு தேவை: நல்ல எரிபொருள், காற்று, தீப்பொறி, சிலிண்டருக்குள் அமுக்கம். இயங்காவிட்டால் இவற்றில் ஒன்று குறைகிறது. எது என்பதை ஒழுங்காகத் தேட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியவை

சுவிச் போடப்பட்டிருக்கிறதா, எரிபொருள் திறப்பு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தாங்கி மூடியிலுள்ள சிறு துவாரம் அடைபட்டாலும் எரிபொருள் இறங்காது. ஒயில் மட்டத்தையும் பாருங்கள். ஒயில் குறைந்தால் தீப்பொறியை நிறுத்திவிடும் அமைப்பு இக்கால இயந்திரங்கள் பலவற்றில் உண்டு. இயந்திரம் சரிவான வரம்பில் நின்றாலும் அது அப்படியே செய்யும். ஆகவே சம நிலத்தில் வைத்து முயலுங்கள். குளிர்ந்த இயந்திரத்துக்குச் சோக்கை மூடுங்கள். சூடான இயந்திரத்துக்குத் திறந்து விடுங்கள்.

பிளக் சொல்லும் செய்தி

பிளக்கைக் கழற்றுங்கள். அது நனைந்து பெற்றோல் மணத்தால், எரிபொருள் அளவுக்கு மிஞ்சிவிட்டது. சுவிச்சை நிறுத்தி, சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமலே கயிற்றைப் பல தரம் இழுங்கள். பிளக்கைத் துடைத்து உலர்த்திப் பூட்டுங்கள். பிளக் உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. கரி படிந்திருந்தால் சுரண்டித் துப்புரவாக்குங்கள். முனைகளின் இடைவெளி பெரும்பாலான இயந்திரங்களில் 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும்.

தீப்பொறியைச் சோதிக்க, பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, உலோகப் பகுதியை இயந்திரத்தின் உலோகத்தில் தொடவைத்து, சுவிச்சைப் போட்டுக் கயிற்றை இழுங்கள். நீலநிறப் பொறி பாய வேண்டும். சிந்திய பெற்றோலை முதலில் துடைத்து, அது காய்ந்த பின்னரே இதைச் செய்யுங்கள். பிளக்கைச் சிலிண்டர் துவாரத்துக்குத் தூரமாகப் பிடியுங்கள். பொறி இல்லையெனில் புதிய பிளக் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

காபரேற்றர்

மாதக்கணக்கில் நின்ற பெற்றோல் பழுதாகிப் பிசின்போலப் படிந்து நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். காபரேற்றர் கிண்ணத்தின் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தி, உள்ளே இருப்பதை ஒரு போத்தலில் வடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீரோ துருவோ தெரிந்தால் தாங்கியையும் கழுவ வேண்டும். எரிபொருள் செல்லும் ஜெற்றின் துளையைக் காற்று ஊதித் துப்புரவாக்குங்கள். கம்பியால் குத்த வேண்டாம். துளை பெருத்தால் இயந்திரம் அதிகம் குடிக்கும்.

மண்ணெண்ணெய் இயந்திரங்கள்

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகிக்கொண்டோம். அதன் காரணம் இதுதான்: பெற்றோல் எந்தக் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் தீப்பற்றக்கூடிய ஆவியைத் தர ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ் சூடாவது வேண்டும். எனவே கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நிற்க இயந்திரத்தை நிறுத்தினால் மறுநாட் காலையில் அது எழும்பாது. நிறுத்துவதற்கு முன் மண்ணெண்ணெயை மூடி, பெற்றோலைத் திறந்து, இரண்டு மூன்று நிமிடம் ஓட விடுங்கள்.

எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலுடன் கலப்பதும் உண்டு. ஒயில் நீர்த்து, மட்டம் உயர்ந்து, மண்ணெண்ணெய் மணத்தால் உடனே மாற்றுங்கள். பெற்றோலுக்கென்றே செய்யப்பட்ட இயந்திரத்தில் மண்ணெண்ணெய் விட வேண்டாம். 2022 ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, மண்ணெண்ணெயால் கிடைத்த பழைய இலாபமும் போய்விட்டது.

இடம் மாற்றும்போது

இடம்பெயர்ந்த குடும்பங்களின் இயந்திரங்கள் பலமுறை வண்டி ஏறியவை. பக்கவாட்டில் கிடத்தி ஏற்றினால் ஒயில் சிலிண்டருக்குள்ளும் காற்று வடிக்குள்ளும் போய்விடும். பிறகு கயிறு இறுகி நிற்கும். பலவந்தமாக இழுத்தால் உள்ளே உடையலாம். பிளக்கைக் கழற்றி மெதுவாக இழுத்து ஒயிலை வெளியேற்றுங்கள். காற்று வடியைக் கழுவி உலர்த்துங்கள். கடதாசி வடியானால் மாற்றுங்கள். ஒயில் மட்டத்தைச் சரிசெய்து இயக்குங்கள். சிறிது நேரம் வெண்புகை வரும், பயப்பட வேண்டாம்.

இவ்வளவும் செய்த பின்பும் இயங்காமல், கயிறு எதிர்ப்பே இல்லாமல் இலகுவாக வந்தால் அமுக்கம் போய்விட்டது. வால்வோ பிஸ்ரன் வளையமோ பழுது. அது கராச் வேலை.

இன்னொன்று: தண்ணீர் ஆழத்தில் நிற்கிறதென்று இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை; கீழே நிற்பவர் அறியாமலே மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார்.

போகம் முடிந்ததும் தாங்கியை வடித்து, கிண்ணத்தில் உள்ளது எரிந்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, நிமிர்த்தி நனையாத இடத்தில் வையுங்கள். இயந்திரம் காலையில் எழும்புவதும் எழும்பாததும் பெரும்பாலும் முதல்நாள் நாம் அதை நிறுத்திய விதத்திலேயே தங்கியிருக்கிறது. வீட்டில் ஒருவர் மட்டுமல்ல, கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் இதைப் பழகிக்கொள்ளுங்கள். இறைப்பு நாளில் யார் வீட்டில் நிற்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதல்லவா?