உங்களுக்குத் தெரியுமா? நினைத்ததை முடிக்க நாள் குறியுங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறும் ஒவ்வொருவர் மனதிலும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. டிப்ளமோ முடிக்க வேண்டும், குரூப் 4 எழுத வேண்டும், தங்கை கல்யாணத்துக்குப் பணம் சேர்க்க வேண்டும், காண்ட்ராக்டிலிருந்து பர்மனென்ட் ஆக வேண்டும். ஆசைக்குக் குறைவில்லை. அது எப்போது கைகூடுகிறது, எங்கே தடுக்கி நின்றுவிடுகிறது என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டத்துக் கதைகளிலும் வெளியூர் ஆய்வுகளிலும் நிறையச் செய்தி இருக்கிறது.

● திருநின்றவூர்ப் பூசலார் கையில் காசில்லாமல் கோயில் கட்டியவர். பொருள் தேடி அலைந்தும் கிடைக்காமல் போகவே மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார் என்கிறது சேக்கிழாரின் பெரிய புராணம். ‘ஒரு கோயில் இருந்தால் நன்றாயிருக்கும்’ என்ற வெறும் நினைப்போடு அவர் நிற்கவில்லை. பொருள் சேர்த்தார், தச்சர்களை அமர்த்தினார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார், விமானம் எழுப்பினார், கிணறு வெட்டினார், மதில் வளைத்தார், குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். எல்லாம் மனத்துக்குள்தான், ஆனால் ஒரு வேலைகூட விடுபடவில்லை. அதே நாளில் காஞ்சியில் தன் கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, நாளை மாற்றிக்கொள்ளச் சொன்னாராம். திருநின்றவூரில் இருதயாலீசுவரர் கோயில் இன்றும் இருக்கிறது. பக்தர் அல்லாதவரும் இந்தக் கதையை ஒருமுறை படிக்கலாம். வேலையைப் படிப்படியாகப் பிரித்து நாள் குறிப்பது எப்படி என்பதற்கு நம் பக்கத்தில் இதைவிட நல்ல பாடம் கிடையாது.

● ‘1953-இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களில் 3 சதவீதம் பேர் மட்டும் தங்கள் இலக்கை எழுதி வைத்திருந்தார்கள், 20 ஆண்டு கழித்துப் பார்த்தால் மீதி 97 சதவீதம் பேரின் மொத்தச் சொத்தையும் விட இவர்களிடம் அதிகம் இருந்தது.’ தன்னம்பிக்கைக் கூட்டங்களில் இதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. பல்கலைக்கழகத்திலேயே தேடிப் பார்த்தும் எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. இலக்கை எழுதி வைப்பது நல்ல பழக்கம்தான். அதற்குப் பொய்யான சாட்சி தேவையில்லை.

● உண்மையாகவே நடந்த ஆய்வு ஒன்று லாரி டிரைவர்களைப் பற்றியது. அமெரிக்காவில் மரம் ஏற்றும் லாரிகள், சட்டம் அனுமதித்த எடையில் 60 சதவீத அளவுக்கே ஏற்றி வந்தன. ‘உங்களால் முடிந்த அளவு ஏற்றுங்கள்’ என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். கேரி லேதமும் ஜேம்ஸ் பால்டெஸும் அதை மாற்றி, 94 சதவீதம் என்று ஓர் எண்ணைச் சொன்னார்கள். பணப் பரிசு இல்லை, தண்டனையும் இல்லை. சில மாதங்களில் லோடு 90 சதவீதத்தை எட்டி அங்கேயே நின்றது. 1975-இல் வெளியான இந்த ஆய்வுதான், ‘முடிந்ததைச் செய்’ என்பதைவிடத் தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கே மனிதரை நகர்த்துகிறது என்று எட்வின் லாக் 1968-இல் எழுதியதற்குத் தொழிற்களத்தில் கிடைத்த வலுவான சான்று. ‘நன்றாகப் படி’ என்று பிள்ளையிடம் சொல்லும்போது நாமும் எண் இல்லாத இலக்கைத்தான் கொடுக்கிறோம்.

● தொழிற்சாலையில் லைன் ஓரமாக நிற்கும் புரொடக்‌ஷன் போர்டைப் பாருங்கள். இடது ஓரத்தில் மணி: 6–7, 7–8, 8–9 என்று கீழே இறங்கும். அடுத்த கட்டம் டார்கெட். அதற்கடுத்து ஆக்சுவல். நான்காவதாக ஒரு கட்டம் இருக்கும்: ரிமார்க்ஸ். டார்கெட் 60, ஆக்சுவல் 42 என்றால் அந்தக் கட்டத்தில் ‘கரண்ட் கட்’, ‘டை மாற்றம்’, ‘மெட்டீரியல் வரவில்லை’ என்று மார்க்கரில் எழுதுவார்கள். திட்டு வாங்காமல் தப்பிக்க அது ஒரு வழி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நல்ல சூப்பர்வைசர் அப்படி நினைப்பதில்லை. ஒரே காரணம் ஒரு வாரத்தில் நான்கு முறை வந்தால், ஆளை விட்டுவிட்டு மெஷினைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நம் சொந்த இலக்குக்கு நாம் டார்கெட் போடுகிறோம், ஆக்சுவலையும் மனதுக்குள் கணக்குப் பார்த்து வருத்தப்படுகிறோம். ரிமார்க்ஸ் கட்டத்தை மட்டும் விட்டுவிடுகிறோம். ‘நான் சோம்பேறி’ என்பது ரிமார்க்ஸ் ஆகாது. ‘நைட் ஷிப்ட் வாரத்தில் ஒரு நாள்கூடப் படிக்க முடியவில்லை’ என்பதுதான் ரிமார்க்ஸ். அதை வைத்து அடுத்த மாதத் திட்டத்தை மாற்றலாம். என் பார்வையில், இந்தத் தொழிற்பேட்டை தன் பிள்ளைகளுக்குத் தினமும் இலவசமாகக் கற்றுத்தரும் மிகப் பெரிய பாடம் அந்த நான்காவது கட்டம்தான்.

● விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதி 48 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று ஜெர்மனியில் மாணவர்களிடம் சொன்னார்கள். ஒரு பகுதியினரை மட்டும், ‘எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப் போகிறீர்கள்’ என்று முன்கூட்டியே குறிக்கச் சொன்னார்கள். குறித்தவர்களில் நாலில் மூன்று பங்குக்கு நெருக்கமானவர்கள் முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டாட்டரும் 1997-இல் வெளியிட்ட முடிவு இது. நம் ஊருக்கு அதை இப்படிச் சொல்லலாம்: ‘ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, டீ குடித்த கையோடு கணக்குப் புத்தகம்.’ டீ தினமும் தவறாமல் வரும். அதன் பின்னாலேயே புத்தகமும் வந்துவிடும்.

● கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் சென்னைக்கு ஒன்றரை மணி நேரம். கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் என்று வழிநெடுக ஸ்டேஷன்கள். உட்கார இடம் கிடைப்பவருக்கு அது தினமும் கைக்கு வரும் ஒரு வகுப்பு நேரம்.

● எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்பது உண்மையா? இல்லை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960-இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பிய எண் அது. முகம் மாறிய நோயாளிகள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றுதான் அவர் சொன்னார். ‘குறைந்தது’ நாளடைவில் காணாமல் போய்விட்டது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து அளந்து பார்த்தபோது நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதும். சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. 22-ஆம் நாள் மனமுடைந்து விட்டுவிட்டவர்கள் தயவுசெய்து மறுபடி தொடங்குங்கள்.

● சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரி, ஒரு மனிதர் விடாப்பிடியாக நின்றதால் வந்தது. தீரர் சத்தியமூர்த்தி 1939-இல் சென்னை மேயரானார். நகரம் தண்ணீருக்குத் தவித்தது. இரண்டாம் உலகப் போரும் தொடங்கிவிட்டது. பிரிட்டிஷ் அரசை எதிர்த்துச் சிறை சென்றவர், அதே அரசிடம் பேசி, வாதாடி, ஒப்புதல் வாங்கினார். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் 1940-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மேயர் பதவி ஒரே ஆண்டுதான். 1943 மார்ச்சில் அவர் காலமானார். அணை 1944-இல் திறக்கப்பட்டது. அவருடைய சீடரான காமராஜர் பிற்பாடு அதற்கு சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் வைத்தார். இன்று அதன் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. தன் ஆயுளுக்குள் முடியாத வேலையை ஒருவர் தொடங்கலாமா என்று யாராவது கேட்டால், பூண்டியைக் காட்டுங்கள்.

● தூக்கமும் இலக்கின் ஒரு பகுதிதான். சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேருக்கு டேட்டா என்ட்ரி வேலை கொடுத்து நடத்திய ஆய்வில், இரவில் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அவர்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரமே என்று தெரிந்தது. சூடு, கொசு, சத்தம், இடநெருக்கடி. கண்மூடி, காதடைப்பான் எல்லாம் கொடுத்து இரவுத் தூக்கத்தை அரை மணி நேரம் போலக் கூட்டியும் வேலையில் மாற்றம் தெரியவில்லை. மதியம் அமைதியான இடத்தில் அரை மணி நேரம் தூங்கியவர்களுக்கு வேலைத்திறனும் கவனமும் மனநிலையும் தேறின. 2021-இல் வெளியானது இது. ஷிப்ட் மாறி மாறிப் போகிறவர் தன்னை ‘மன உறுதி இல்லாதவன்’ என்று திட்டிக்கொள்ளுமுன் எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

● பணக்கவலை புத்தியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை, அறுவடைக்கு முன் ஒருமுறையும் பணம் கைக்கு வந்த பின் ஒருமுறையும் சோதித்தார்கள். ஆள் அதே ஆள்தான். அறுவடைக்கு முன், கடன் நெருக்கும் நாட்களில், புதிர்களிலும் கவனச் சோதனைகளிலும் மதிப்பெண் குறைந்தது. ‘சயின்ஸ்’ இதழில் 2013-இல் வந்த ஆய்வு இது. பெரிய முடிவுகளைச் சம்பளத்துக்கு முந்தைய வாரத்தில் எடுக்காதீர்கள். சம்பளம் வந்த மறுநாள் உட்கார்ந்து திட்டம் போடுங்கள்.

● மைசூரில் டேட்டா என்ட்ரி ஊழியர்களுக்கு ஒரு விநோதமான வாய்ப்பு தரப்பட்டது: ‘தினசரி இலக்கை நீங்களே வைத்துக்கொள்ளலாம், எட்டினால் வழக்கமான கூலி, எட்டாவிட்டால் கூலி குறையும்.’ லாபம் எதுவும் இல்லாத ஒப்பந்தம். ஆனாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட முறை அதை விரும்பி ஏற்றார்கள், உற்பத்தியும் கூடியது. நாளைக்குத் தன் மனம் தளரும் என்று தொழிலாளிக்கே தெரிந்திருக்கிறது; கட்டிப்போட ஒரு கயிறு வேண்டும் என்று அவரே கேட்கிறார். சென்னை சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்களிடம் ஃப்ராங்க் ஷில்பாக் நடத்திய ஆய்விலும் இதே குரல் கேட்கிறது. பகலில் குடிக்காமல் வந்தால் ஊக்கத்தொகை என்றபோது, சேமிப்பு ஏறக்குறைய பாதி கூடியது. கையில் பணம் கிடைப்பதைவிட, குடிக்காமல் இருக்க வைக்கும் ஏற்பாடே வேண்டும் என்று கேட்டவர்களும் கணிசம்.

● அஞ்சலகத்தில் ஆர்.டி. கணக்கு மாதம் 100 ரூபாயில் தொடங்கலாம், ஐந்தாண்டுத் தவணை. பெண் குழந்தைக்குப் பத்து வயதுக்குள் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கினால் ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 250 ரூபாய் போதும்.

● திருத்தணி இன்று தமிழ்நாட்டில் இருப்பதும் ஓர் இலக்கின் கதை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்று, அச்சகத்தில் எழுத்துக் கோர்த்த ம.பொ.சி., மங்கலங்கிழார், கே. விநாயகம் ஆகியோருடன் வடக்கெல்லைப் போராட்டத்தில் இறங்கினார். கேட்டது திருப்பதி வரைக்கும். கிடைத்தது திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. முழுதும் கிடைக்கவில்லை என்பதற்காக அதைத் தோல்வி என்று சொல்பவர் எவரும் இங்கே இல்லை. அதே ம.பொ.சி. 1966-இல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றார்.

● திருத்தணியில் 1888-இல் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தத்துவத்தைத் தேடிப் போகவில்லை. வீட்டில் வசதி குறைவு. படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடநூல்களைக் கொடுத்ததால் அந்தப் பாடத்தை எடுத்தார். 1962-இல் குடியரசுத் தலைவரானார். சின்ன வயதிலேயே லட்சியம் தெரிந்திருக்க வேண்டும் என்று பிள்ளைகளை நெருக்காதீர்கள்.

● பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஃபிட்டராகத் தொடங்கி இன்ஜினீயராக முடிய வழி திறந்தே இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் ஐ.டி.ஐ. சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு.

● குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் பாதி, 100 கேள்விகள், தமிழிலிருந்து. நம் பிள்ளைகளுக்கு இது பெரிய பலம். இதற்குக் கோச்சிங் சென்டருக்கு ஆயிரக்கணக்கில் கட்டக் கடன் வாங்குகிறவர்கள், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி நடப்பதை அறிவதில்லை. அடுத்த வார விடுமுறை நாள் எது என்று பாருங்கள்; அலுவலகம் திறந்திருக்கும் நாளானால், ஆதார் அட்டையும் மதிப்பெண் சான்றிதழ் நகலும் எடுத்துக்கொண்டு நேரில் போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.