டிஅண்ட்டி விதிகளைத் தமிழில் போட்டால் கேஸ் வருமா? கேம் லைசென்ஸ் பற்றி ஒரு சிம்பிள் விளக்கம்

திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்கால். அங்கே ஒரு வீட்டு மொட்டை மாடி, சனிக்கிழமை ராத்திரி, நாலு நண்பர்கள். ஒருத்தர் கதை நடத்துகிறார். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். "பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துல உங்க தாத்தாவைக் காணோம். குபேர லிங்கம் பக்கம் பார்த்ததா ஒருத்தர் சொல்றார். என்ன செய்றீங்க?" அவர்கள் செய்வது பலிக்குமா என்பதை 20 முகப் பகடை சொல்லும்.

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆட்டம் நன்றாக வந்துவிட்டது. "இதை பிடிஎஃப் ஆக்கி 99 ரூபாய்க்கு வித்தா என்ன?" என்கிறார் ஒருவர். "விதி எல்லாம் டிஅண்ட்டியில இருந்து எடுத்ததாச்சே, கேஸ் போட்டுட்டா?" என்கிறார் இன்னொருவர். பதில் தெரியாமலே பல பேருடைய உழைப்பு லேப்டாப்பில் தூங்கிவிடுகிறது. அதனால் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

டிஅண்ட்டி என்றால் என்ன, எத்தனை பதிப்பு?

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் அமெரிக்காவில் வெளியானது. கதை சொல்லி ஆடும் ரோல்பிளேயிங் கேம்களுக்கு இதுதான் முன்னோடி. இதை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனத்தை 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 1999-இல் விசார்ட்ஸை ஹாஸ்ப்ரோ வாங்கியது.

மூன்றாம் பதிப்பு 2000, நான்காம் பதிப்பு 2008, ஐந்தாம் பதிப்பு 2014, அதன் திருத்திய வடிவம் 2024. ஒவ்வொரு பதிப்பிலும் விதிகள் மாறின. கூடவே, வெளியார் அவற்றைப் பயன்படுத்துவதற்கான லைசென்ஸும் மாறியது. நீங்கள் எந்தப் பதிப்பை வைத்து எழுதுகிறீர்கள் என்பது அதனால்தான் முக்கியம்.

விளையாட்டு விதி யாருக்காவது சொந்தமா?

இதற்கு நம் ஊர் வழக்கே இருக்கிறது. கொல்கத்தாவைச் சேர்ந்த ரஜத், ஜெயந்த் அகர்வாலா சகோதரர்கள் ஸ்கிராபிள் போலவே 'ஸ்கிராபுலஸ்' என்ற ஆன்லைன் கேம் நடத்தினார்கள். ஃபேஸ்புக்கில் அது பெரிய ஹிட். அமெரிக்கா, கனடாவுக்கு வெளியே ஸ்கிராபிள் உரிமையை வைத்திருந்த மாட்டல் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

2008 செப்டம்பரில் வந்த இடைக்கால உத்தரவு இரண்டு பக்கமும் வெட்டியது. பலகையும் விதியும் காப்பிரைட்டுக்குள் வரும் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு விதியைச் சொல்ல வழிகள் மிகக் குறைவாக இருந்தால், அந்தச் சொல்லுக்கு உரிமை கொடுப்பது விதிக்கே உரிமை கொடுத்ததாகிவிடும் என்பது இதன் பின்னால் உள்ள தர்க்கம். ஆனால், ஸ்கிராபிளை நினைவுபடுத்தும் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. காரணம் டிரேட்மார்க். பிறகு அந்த கேம் 'லெக்சுலஸ்' ஆனது.

பேட்டன்ட்? இந்திய பேட்டன்ட் சட்டத்தின் பிரிவு 3(எம்), விளையாட்டு ஆடும் முறையைக் கண்டுபிடிப்பாகவே கணக்கில் எடுப்பதில்லை.

ஆக, '20 முகப் பகடையை உருட்டு, திறமை எண்ணைக் கூட்டு, இலக்கைத் தாண்டினால் ஜெயம்' என்ற முறையை நீங்கள் உங்கள் வார்த்தையில் எழுதலாம். புத்தகத்தில் உள்ள வாக்கியங்கள், கதைகள், ஓவியங்கள், பிராண்ட் பெயர் ஆகியவைதான் அடுத்தவர் சொத்து.

அப்படியென்றால் லைசென்ஸ் எதற்கு?

விதி எங்கே முடிகிறது, வர்ணனை எங்கே தொடங்குகிறது என்பது ரோல்பிளேயிங் கேமில் தெளிவாக இருக்காது. ஒரு மந்திரத்தின் விளக்கம் விதியா, இலக்கியமா? இதை கோர்ட்டில் பேசித் தீர்க்கச் சின்ன எழுத்தாளர்களுக்கு வசதி இல்லை. 2000-இல் விசார்ட்ஸ் 'ஓப்பன் கேம் லைசென்ஸ்', சுருக்கமாக ஓஜிஎல், கொண்டுவந்தது. 'எஸ்ஆர்டி' என்ற அடிப்படை விதித் தொகுப்பை எடுத்துப் பயன்படுத்தலாம், விற்கலாம், ராயல்டி வேண்டாம் என்றது. அதை நம்பி ஒரு தொழிலே வளர்ந்தது.

2023 ஜனவரியில் புதிய ஓஜிஎல் வரைவு கசிந்தது. ஆண்டு வருமானம் 7.5 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை ராயல்டி. பழைய லைசென்ஸ் இனி செல்லாது என்றும் அதில் இருந்தது. பழைய லைசென்ஸில் 'நிரந்தரமானது' என்ற சொல் இருந்தது. 'திரும்பப் பெற முடியாதது' என்ற சொல் இல்லை. சண்டை முழுக்க அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான்.

ரசிகர்கள் கொதித்தார்கள். அடுத்து வந்த திருத்திய வரைவு பற்றி விசார்ட்ஸ் நடத்திய சர்வேயில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். 88 சதவீதம் பேர் அதன்கீழ் வெளியிட விரும்பவில்லை என்றார்கள். ஜனவரி 27 அன்று விசார்ட்ஸ் பின்வாங்கியது. பழைய ஓஜிஎல் அப்படியே நீடிக்கும் என்றதோடு, எஸ்ஆர்டி 5.1-ஐ 'கிரியேட்டிவ் காமன்ஸ் அட்ரிபியூஷன் 4.0' லைசென்ஸிலும் வெளியிட்டது. நிபந்தனைகளை மதிக்கும்வரை இதைத் திரும்பப் பெற முடியாது. 2024 விதிகளுக்கான எஸ்ஆர்டி 5.2-உம் 2025-இல் அதே லைசென்ஸில் வந்தது.

தமிழில் மொழிபெயர்க்கலாமா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இந்திய காப்பிரைட் சட்டம் 1957-இன்படி, மொழிபெயர்க்கும் உரிமை உரிமையாளருடையது. கடையில் விற்கும் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' புத்தகத்தை அனுமதியில்லாமல் தமிழாக்கி டெலிகிராமில் போடக் கூடாது. 'ஃப்ரீயாத்தானே கொடுக்கிறேன்' என்பது பதில் ஆகாது.

எஸ்ஆர்டி-யைத் தாராளமாக மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் அது முழுப் புத்தகம் இல்லை. உதாரணமாக, 5.1-இல் 12 வகைப் பாத்திரங்களுக்கும் தலா ஒரு உட்பிரிவு மட்டும்தான் இருக்கும்.

வெளியிடும் முன் நாலு விஷயம்

1. புத்தகத்தை மூடிவிட்டு, எஸ்ஆர்டி பிடிஎஃப்-ஐத் திறந்து வைத்து எழுதுங்கள். அதில் இல்லாத அசுரன், மந்திரம், ஊர்ப் பெயர் உங்கள் கதையிலும் வேண்டாம்.

2. எஸ்ஆர்டி-யின் முதல் பக்கத்தில் உள்ள நன்றிக் குறிப்பை அப்படியே சேருங்கள். நீங்கள் மொழிபெயர்த்தது, மாற்றியது என்பதையும் சொல்லுங்கள்.

3. அட்டையில் டிஅண்ட்டி பெயரோ லோகோவோ வேண்டாம். 'ஐந்தாம் பதிப்புடன் பொருந்தும்' என்று போட எஸ்ஆர்டி-யே அனுமதிக்கிறது.

4. ஓவியம், ஃபான்ட், மேப் எல்லாவற்றுக்கும் தனித்தனி லைசென்ஸ் உண்டு. விதி ஃப்ரீ என்பதால் கூகுளில் கிடைத்த படமும் ஃப்ரீ ஆகிவிடாது.

பெரிய அளவில் பணம் போடுவதாக இருந்தால், ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுவது நல்லது.

வேங்கிக்கால் மாடிக்கு வருவோம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, எட்டு லிங்கங்கள், பௌர்ணமிக் கூட்டம், காணாமல் போன தாத்தா. இதில் எதுவும் எந்த கம்பெனியிடமும் கேட்டு வாங்க வேண்டியது இல்லை. அந்த 99 ரூபாய் பிடிஎஃப்-இல் வாசகர் காசு கொடுப்பதும் அதற்குத்தான். பகடை விதி எஸ்ஆர்டி-யிலிருந்து வரட்டும், முதல் பக்கத்தில் நன்றிக் குறிப்பு இருக்கட்டும். தயங்காமல் வெளியிடலாம்.