திரையில் சுழலும் மனித உடல்

நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கும் செவிலியர் பயிற்சிக்கும் செல்லும் பிள்ளைகள் கணிப்பொறித் திரையில் மனித உடலைச் சுழற்றிப் பாடம் படிக்கின்றனர். "பிரேதத்தைத் தொடாமலே டாக்டராகி விடலாமா?" என்று பெற்றோர் சிலர் நம்மை வினவினர். மெட்ரிகுலேஷனோடு நின்ற ரயில்வே குமாஸ்தா இதற்கு விடை கூறுவது துணிச்சலே. எனினும் அறிந்ததை எழுதுகிறோம்.

இத்தகைய உருவங்களுக்கு வழிகோலியவை உண்மையான உடல்களே. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் கொலைக் குற்றத்திற்காக 1993 ஆகஸ்டில் மரண தண்டனை அடைந்த ஜோசப் பால் ஜெர்னிகன் என்பவன் தன் உடலை விஞ்ஞானத்திற்கு அளித்திருந்தான். அந்நாட்டுத் தேசிய மருத்துவ நூலகத்தின் திட்டத்திற்கு அவ்வுடல் தேர்வு செய்யப்பட்டது. கொலராடோ பல்கலைக் கழகத்தில் அதனை நீல நிற ஜெலட்டினில் பதித்து உறைய வைத்தனர். ஒரு மில்லிமீட்டர் கனம் சீவுவதும், வெளிப்பட்ட பரப்பைப் படம் எடுப்பதும், மறுபடி சீவுவதுமாக 1,871 படங்கள் எடுக்கப்பட்டன. சீவிய சதை தூளாகிப் போயிற்று, படங்களே எஞ்சின. அவை 1994 நவம்பரில் வெளியாயின. மறு ஆண்டில், மேரிலாந்தைச் சேர்ந்த 59 வயது மாது ஒருவரின் உடல் இன்னும் மெல்லிதாக, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்காகச் சீவப்பட்டுப் படங்களாயிற்று.

அப்பளங்களை அடுக்குவதுபோல் இப்படங்களை அடுக்கி, ஈரல் இது, இரத்தக் குழாய் இது என்று எல்லை வகுத்தால் முழு உருவம் கிடைக்கிறது. இதன் நன்மை பெரிது. காதினுள் இருக்கும் அரிசியினும் சிறிய எலும்பைத் திரையளவு பெருக்கிக் காணலாம். அறுவை மேசையில் அறுந்த நரம்பு அறுந்ததே. திரையிலோ மீண்டும் பொருத்திக் கொள்ளலாம்.

ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. ஜெர்னிகனுக்குக் குடல்வால் இல்லை. உயிரோடிருந்தபோதே அது அகற்றப்பட்டிருந்தது! அவ்வுடல் ஒன்றையே பார்த்துப் பயின்றவர் குடல்வாலைக் கண்டிருக்கவே மாட்டார். பின்னர் ஓவியர் வரைந்து சேர்க்கும் உருவங்களிலும் அது ஓரிடத்தில்தான் நிற்கும். மெய்யான மனிதரில் சிலருக்குப் பெருங்குடலின் பின்னே மறைந்திருக்கும். சிலருக்கு இடுப்புக் குழிக்குள் தொங்கும். கத்தி பிடிப்பவர் இவ்வேற்றுமையை அறியாவிடில் நோயாளியின் கதி என்ன? சதையின் உறுதியையும் வழுக்கலையும் திரை விரலுக்கு உணர்த்துவதுமில்லை. ஆதலால் திரை துணையாகலாம். பிரேதத்தின் இடத்தை அது நிரப்பாது என்பதே நம் கருத்து.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1836இல் மதுசூதன் குப்தர் சாதிக் கட்டுப்பாட்டை மீறிப் பிரேதத்தை அறுத்தார். அன்று தொடுவதற்கே தயங்கினர். இன்று கொடுப்பதற்குத் தயங்குகிறோம். ஊர் விட்டு வந்த நமக்கு, இறந்த பின் உடல் சொந்த ஊர் சேர வேண்டுமென்ற ஆசை மிகுதி. அதைக் குறை கூறோம். தானம் செய்ய எண்ணுவோர் வசிக்கும் நகரத்து மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் துறையை அணுகி விவரம் அறியலாம். வீட்டாருக்கும் முன்னரே சொல்லி வைத்தல் வேண்டும். அந்த நேரத்தில் கல்லூரிக்குச் செய்தி அனுப்ப வேண்டியவர்கள் அவர்கள்தாமே.