பழைய கண்ணாடி, வேறொரு கண்

சட்டையைப் போல ஒருவர் கழித்ததை இன்னொருவர் வாங்கி அப்படியே அணிந்துகொள்ளக்கூடிய பொருளன்று மூக்குக்கண்ணாடி. ஒரு குறிப்பிட்ட கண்ணின் குறையை அளந்து, அந்த அளவுக்கென்றே வில்லை கடைந்து, அந்த முகத்தின் அகலத்துக்கேற்பச் சட்டகத்தில் பொருத்தித் தரப்படும் மருத்துவக் கருவி அது. ஆகவே, பயன்படுத்திய கண்ணாடிகளைச் சேகரித்து இல்லாதவர்களுக்கு வழங்கும் பணி எவ்வளவு நல்ல நோக்கத்தோடு தொடங்கப்பட்டாலும், கண்ணாடியை அளப்பதும் அதை அணியப்போகிற கண்ணை அளப்பதும் அதில் சேராவிட்டால், பெறுகிறவருக்குப் பார்வைக்குப் பதில் தலைவலியே கிடைக்கும்.

தேவை மிகப் பெரிது என்பதில் ஐயமில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை குறித்த அறிக்கை, கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க உரிய கண்ணாடி கிடைக்காமல் வாழ்வோர் 82 கோடிக்கும் மேற்பட்டோர் என்று மதிப்பிட்டது. நாற்பது வயதையொட்டி, விழிக்குள் இருக்கும் இயற்கை வில்லை தன் நெகிழ்ச்சியை இழக்கத் தொடங்குவதால் வரும் இந்தக் குறையைத் தமிழர் வெள்ளெழுத்து என்பர். எழுத்து வெளிறித் தெரியும் நிலையை அச்சொல்லே காட்டிவிடுகிறது. ஆனால், எழுத்தோடு தொடர்பில்லாதவருக்கும் இக்குறை வருகிறது என்பதைச் சமூகம் நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. பெரம்பலூர் மாவட்டத்துச் சிறுவாச்சூரில், வழக்கமாகத் திங்களும் வெள்ளியும் நடைதிறக்கும் மதுரகாளியம்மன் கோயிலில், மாவிளக்குக்காக அங்கேயே உரலில் அரிசி இடிக்கும் பெண்களுக்கும், சுற்றிலுமுள்ள கரிசல் காடுகளில் பருத்தி எடுப்போருக்கும், சின்ன வெங்காயத்தைத் தரம் பிரிப்போருக்கும் வெள்ளெழுத்து என்பது முறத்தில் அரிசிக்கும் கல்லுக்கும் வேறுபாடு தெரியாமற்போவதும், ஊசியில் நூல் கோக்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருப்பதுமே ஆகும். படிக்கத் தெரியாதவருக்குக் கண்ணாடி எதற்கு என்ற கேள்வி எவ்வளவு தவறானது என்பதை, அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது கடந்த 751 தொழிலாளரிடையே நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு எண்ணிக்கையாகவே காட்டியது. கிட்டப் பார்க்கும் கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தித்திறன், பெறாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. இலை கிள்ளும் கைக்குப் பொருந்துவது பருத்தி எடுக்கும் கைக்கும் பொருந்தும்.

பழைய கண்ணாடிகளைத் திரட்டும் முயற்சிக்கு ஏறக்குறைய நூறாண்டு வரலாறு உண்டு. 1925இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கூடிய அரிமா சங்க மாநாட்டில், பார்வையும் செவியும் இழந்தவரான ஹெலன் கெல்லர் பார்வையற்றோருக்காக உழைக்குமாறு வேண்டியதிலிருந்து அச்சங்கம் கண் தொண்டைத் தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக ஏற்றது. பின்னாளில் கண்ணாடி சேகரிப்பும் அதில் சேர்ந்தது. 1932இல் நியூ செர்சியில் சூலியா டெர்ரி என்ற பெண்மணி தொடங்கிய அமைப்பு வேறொரு வழியைக் கண்டது. திரண்ட சட்டகங்களிலிருந்த பொன்னை விற்று, அந்தப் பணத்தில் ஏழைகளுக்குப் புதுக் கண்ணாடி வாங்கித் தந்த அந்த முறை, பழைய கண்ணாடியை அப்படியே கைமாற்றுவதைவிடத் தெளிவான சிந்தனை என்றே சொல்ல வேண்டும்.

சேகரித்த கண்ணாடி மேசைக்கு வந்தபின் நடப்பதே இப்பணியின் உயிர்நாடி. மூக்குத் தாங்கியில் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். திருகு விழுந்த இடத்தில் செப்புக்கம்பி முறுக்கப்பட்டிருக்கும். வில்லையின் மேற்பூச்சு மீன்செதில் போல வெடித்திருக்கும். இவற்றைக் கழித்து, எஞ்சியவற்றைக் கழுவியபின், ஒவ்வொரு வில்லையின் திறனும் லென்சோமீட்டர் என்னும் கருவியால் அளக்கப்படும். அதன் குழல் வழியே தெரியும் பச்சைக் கோடுகள் கூர்மையாகும்வரை சக்கரத்தைத் திருப்பினால், திறன் டயாப்டர் என்னும் அலகில் கிடைக்கும். இரண்டு டயாப்டர் குவிவில்லை என்றால், தொலைவிலிருந்து வரும் ஒளியை அரை மீட்டரில் குவிக்கும் வில்லை என்று பொருள். கருவி இல்லாத காலத்தில் கண்ணாடிக் கடைக்காரர்கள் கையாண்ட உத்தியை இன்றும் எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கண்ணாடியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, அதன் வழியே கதவு நிலையைப் பார்த்தபடி பக்கவாட்டில் அசைத்தால், நிலையின் பிம்பம் கண்ணாடி போகும் திசையிலேயே போனால் அது தூரத்துப் பொருள் மங்கும் கிட்டப்பார்வைக்கான குழிவில்லை. எதிர்த்திசையில் போனால் குவிவில்லை. அசைக்காமல் சுழற்றும்போது நேர்கோடு கத்தரிபோலச் சாய்ந்தால், கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாத சிதறல் பார்வைக்கென அச்சுக் கோணம் வைத்துச் செய்யப்பட்ட வில்லை அது. அந்தத் திறனும் அதே கோணமும் இரு கண்ணிலும் ஒத்துப்போகும் இன்னொருவரைக் கண்டுபிடிப்பது ஏறத்தாழ இயலாத செயல்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட கணக்கில், நன்கொடையாக வந்த கண்ணாடிகளில் நூற்றுக்கு ஏழே பயன்படக்கூடியவையாக இருந்தன. தேர்ந்து, கழுவி, அளந்து, அனுப்பும் செலவையெல்லாம் சேர்த்தால், பயன்படும் ஒரு கண்ணாடிக்கு ஆகும் தொகை, ஆயத்தமாகக் கிடைக்கும் புதிய கண்ணாடியின் விலையைப் போல ஏறக்குறைய இரு மடங்காயிற்று.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப்பட்ட அனுபவம் ஒன்று உண்டு. கண்புரை அறுவையில் புரை விழுந்த வில்லையை எடுத்துவிட்டு வேறொன்றும் வைக்காத காலத்தில், அறுவை முடிந்தவர் எல்லோருக்கும் ஏறத்தாழப் பத்து டயாப்டர் திறனுள்ள, சோடாபுட்டிக் கண்ணாடி என்று ஊரார் சொன்ன தடித்த கண்ணாடி தேவைப்பட்டது. ஒருவருடையது இன்னொருவருக்கு ஓரளவேனும் உதவியதும் அதனால்தான். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் என்னும் தன் தயாரிப்புப் பிரிவின் வழியாக விழிக்குள் பொருத்தும் வில்லையைக் குறைந்த விலையில் இங்கேயே செய்யத் தொடங்கியபின், அந்தத் தடித்த கண்ணாடிகள் மெல்ல மறைந்தன. அம்மருத்துவமனையின் ஊர்ப்புற முகாம்களில் இன்று பரிசோதனை முடிந்ததும் அங்கேயே வில்லையைத் தேய்த்துச் சட்டகத்தில் பொருத்திப் பெரும்பாலோருக்கு அன்றே கையில் கொடுத்துவிடுகிறார்கள். இந்த ஏற்பாட்டுக்கு ஈடாகத் தொலைதூரத்திலிருந்து வரும் எந்தக் கண்ணாடிப் பெட்டியையும் சொல்ல முடியாது.

அதற்காக, மறைந்த தாத்தாவின் படத்தருகே ஆண்டுக்கணக்கில் இருக்கும் கண்ணாடிக்குப் பயனே இல்லை என்று கொள்ள வேண்டியதில்லை. முறியாத சட்டகம் எதுவும், புது வில்லை மாற்றினால், அடுத்த முகத்துக்கு ஆகும். இரு பக்கமும் ஒரே திறனுள்ள எளிய வெள்ளெழுத்துக் கண்ணாடியும், கீறலின்றி இருந்தால், அளந்து பார்த்தபின் மற்றொருவருக்குப் பொருந்தக்கூடும். ஆனால் அதைத் தருவதற்குமுன் அந்த மனிதரின் கண் சோதிக்கப்பட்டாக வேண்டும். ஏனெனில் மங்கலுக்குக் காரணம் வெள்ளெழுத்தா, புரையா, கண் நீர் அழுத்த நோயா என்பதைக் கண்ணாடி சொல்லாது. ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வரும் கண் மருத்துவ உதவியாளர், எழுத்தறியாதவரிடம் கால் திசை மாறி நிற்கும் ஆங்கில ‘ஈ’ எழுத்து அட்டையைக் காட்டி, அதன் கால்கள் எந்தப் பக்கம் நீள்கின்றன என்று விரலால் காட்டச் சொல்வார். தூரப் பார்வையை அப்படி அளந்தபின், கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும் திறனை அறிய ஒரு கைப்பிடி அரிசியே போதும். கண்ணாடியைப் போட்டுவிட்டு, அதிலிருக்கும் கல்லைப் பொறுக்கச் சொன்னால், தேடிய விரல் தயங்காமல் கல்லின்மேல் போய் நிற்கிறதா என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.