கபாசியின் முகவரிச் சீட்டு

அமெரிக்கச் சிறுகதை என்றால் தேர்வுக்காக உருப்போட வேண்டிய அயல்நாட்டுச் சரக்கு என்ற எண்ணம் நம் மாணவ நண்பர் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. அதை மாற்றிய கதையொன்றைப் பற்றி இங்கே எழுதுகின்றேன்.

ஜும்பா லாகிரி 1967-இல் இலண்டனில் வங்காளப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். ஒன்பது கதைகள் கொண்ட அவருடைய முதல் தொகுதி 1999-இல் வெளிவந்து, 2000-இல் புலிட்சர் பரிசு பெற்றது. 'இன்டர்பிரட்டர் ஆஃப் மாலடீஸ்' என்னும் அதன் தலைப்புக் கதை நடப்பதோ நம் ஒரிசாவில்!

கபாசி என்பவர் வாரத்தில் இரு நாள் சுற்றுலாப் பயணிகளுக்குக் கார் ஓட்டுகிறார். மற்ற நாட்களில் ஒரு மருத்துவரிடம் குஜராத்தி நோயாளிகளின் குறைகளை மொழிபெயர்த்துச் சொல்கிறார். தம் மகன் டைபாய்டில் கிடந்தபோது, மருத்துவச் செலவை ஈடுகட்ட ஏற்ற வேலை அது. மகன் பிழைக்கவில்லை, வேலை நிலைத்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த திருமதி தாஸ் அந்த வேலையை ஒரு சொல் புகழ்ந்ததும், மனிதர் மனம் எங்கெங்கோ பறக்கிறது. ஆனால் அவள் தேடியது அவரையன்று. இரண்டாம் மகன் தன் கணவனுக்குப் பிறந்தவன் அல்லன் என்ற மறைபொருளை அவரிடம் இறக்கிவைத்து, அதற்கொரு மருந்து கேட்கிறாள். இது வேதனையா, குற்ற உணர்வா என்று கபாசி திருப்பிக் கேட்கிறார். அவ்வளவுதான், அவள் முகம் மாறிவிடுகிறது.

இவ்விடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். நீலசந்திராவில் எங்கள் சந்தில் தமிழ், கன்னடம், உருது மூன்றும் கலந்து ஒலிக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். பள்ளி நாட்களில் நான்தான் அவருடன் சென்று டாக்டரிடம் கன்னடத்தில் சொல்வேன். ஒரு நாள் பாட்டி, "மகன் வீட்டை விட்டுப் போன நாளிலேருந்து நெஞ்சு அடைக்குதுப்பா" என்றார். நெஞ்சு அடைப்பதை மட்டும் சொன்னேன். மகன் கதை டாக்டருக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். வாயுவுக்கு மாத்திரை கிடைத்தது. "எல்லாம் சொன்னியாப்பா?" என்றார் பாட்டி. சொன்னேன் என்றேன்.

அமெரிக்க வாழ்வு இந்தியரைக் கெடுத்துவிட்டது என்பதே இக்கதையின் கரு என்பார் உளர். எனக்கு அது உடன்பாடில்லை. ஒருவர் மற்றவரைத் தாம் வேண்டும் ஆளாகக் கற்பித்துக்கொள்வதே இதன் கரு. கபாசியும் அதைத்தான் செய்கிறார், திருமதி தாஸும் அதைத்தான் செய்கிறாள்.

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' கதை முடிவில் ஆசிரியரே முன்வந்து நம்மை இடித்துக் கேட்பார். லாகிரி அப்படி வருவதில்லை. 1927-இல் வெளிவந்த ஹெமிங்வேயின் 'ஹில்ஸ் லைக் ஒயிட் எலிஃபன்ட்ஸ்' கதையில், இருவர் வாதாடும் பொருளின் பெயரே வாயில் வராதல்லவா? அந்த மரபு இது. சொல்லாததைப் பொருள்கள் சொல்லும். கோபத்தோடு நடக்கும் திருமதி தாஸின் கையிலிருந்து பொரி சிந்துகிறது. பொரியைத் தொடர்ந்து குரங்குகள் வந்து, அந்த இரண்டாம் மகனையே சூழ்கின்றன. கபாசி சிறுவனை மீட்டுக் கொண்டுவருகிறார். மகனின் தலைமுடியைச் சீவிவிட அவள் பைக்குள்ளிருந்து சீப்பை எடுக்கிறாள். கடிதம் வரும் என்று நம்பிக் கபாசி எழுதிக் கொடுத்த முகவரிச் சீட்டு, அதனுடன் வெளியேறிக் காற்றில் போகிறது. அதை அவர் ஒருவரே பார்க்கிறார்.